வாய் மூடிய சோலை

மலை உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு சோலைக்காடு. அங்கே ஈர இலைக்கு அடியில் மணியன் என்ற சின்னஞ்சிறு தவளையும் அவன் மனைவி தளிரியும் தங்கள் முட்டைகளைக் கண்ணும் கருத்துமாகக் காத்து வந்தார்கள். அவர்கள் பிறந்தது அடிவாரத்தில். அங்கே வெயில் ஏறிக்கொண்டே போனது. போன மழைக்கு இட்ட முட்டைகள் எல்லாம் இலையிலேயே காய்ந்துபோயின. பாவம், அந்தத் துக்கத்தோடுதான் மேலே ஏறி வந்திருந்தார்கள்.

ஒரு நாள் மனிதர்கள் சிலர் வந்து, பக்கத்து மரத்தில் ஒரு பச்சைப் பெட்டியைக் கட்டிவிட்டுப் போனார்கள். புதிதாக எது வந்தாலும் வாயை மூடிக்கொள்வது தவளைகளின் வழக்கம். மணியன் அதில் மகா கெட்டிக்காரன்.

"மூச்! அது போகிற வரைக்கும் யாரும் கத்தக் கூடாது" என்று சோலை முழுக்கச் சொல்லி வைத்தான். அப்படியொரு கட்டுப்பாடு! மழை கொட்டியும் சோலை கப்சிப்.

சில நாள் கழித்து, மனிதர்களின் கூடாரப் பக்கம் தீனி தேடிப்போன மலையணில் மூச்சிரைக்க ஓடி வந்தது. அங்கே கேட்ட சேதியைச் சொன்னது. வெயிலுக்கு அஞ்சி மேலே ஏறும் உயிர்கள் எந்தக் காட்டில் தங்குகின்றன என்று அவர்கள் ஆராய்கிறார்களாம். பெட்டியில் குரல் பதிவாகும் காட்டைக் காப்பாற்றச் சொல்வார்களாம். இங்கே ஒரு சத்தமும் இல்லாததால் நாளைக்குப் பெட்டியைக் கழற்றப் போகிறார்கள். அப்புறம் வேறு ஆட்கள் வந்து மரங்களை வெட்டி விடுதி கட்டிவிடுவார்களாம்.

மணியன் முட்டைகளைத் திரும்பிப் பார்த்தான். இந்த அமைதியில் தனியாகக் கத்தினால் அவன் இருக்கும் இடம் பாம்புக்குத் தெரிந்துவிடும். கத்தாவிட்டால் முட்டைகளோடு சோலையும் போய்விடும். இதற்கு மேல் ஏறிப்போக மலையும் இல்லை.

தளிரி அவனை ஒட்டி உட்கார்ந்தாள். "நீங்க கூப்பிட்டுத்தானே நான் வந்தேன். அதே மாதிரி ஒருதரம் கூப்பிடுங்க" என்றாள்.

அவன் கூப்பிட்டான். முதலில் குரல் நடுங்கியது. பாறைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் பதில் சொன்னது. ஓடைக்கரையில் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் சோலையே கத்தியது. பாம்பும் வந்தது. எந்தக் குரலைப் பிடிப்பது என்று தெரியாமல் விழித்துவிட்டுப் போய்விட்டது.

மறுநாள் பெட்டியில் பதிவானதை, ஆராய வந்தவர்களில் ஒரு பெண் காதில் வைத்துக் கேட்டாள். அடிவாரத்தோடு அழிந்துபோனதாக அவர்கள் நினைத்திருந்த தவளையின் குரல் அது. அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"இருக்குதுங்க. இங்கதான் இருக்குதுங்க" என்றாள்.

அதன்பிறகு சோலையில் யாரும் கோடாரி வைக்கவில்லை. இலைக்கு அடியில் முட்டைகளிலிருந்து நேரே உளுந்தளவு தவளைக் குட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

நாம் இருக்கிறோம் என்று நாமே சொல்லாவிட்டால், நம்மைக் காக்க வருகிறவருக்கும் நாம் இருப்பது தெரியாமல் போய்விடும்.