லாச்சஸும் மீன்குழம்பும்

சங்கரபாண்டியன் பல வருடம் தாலுகா ஆபீசில் இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கி, சட்டம் படித்து, ஐம்பத்தாறாவது வயதில் வக்கீல் செண்பகவல்லியிடம் ஜூனியராகச் சேர்ந்தார். சீனியர் அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர்.

ஒரு புதன்கிழமை மதியம். மறுநாள் ஒச்சம்மாளின் வழக்கு வருகிறது. ரோடு போடும்வரை ஜல்லி கொட்டி வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லி அரசு அதிகாரிகள் அவளுடைய தோட்டத்தை எடுத்தார்கள். ரோடு போட்டாகிவிட்டது. தோட்டத்தைச் சுற்றிச் சுவரும் எழுப்பியாகிவிட்டது. திருப்பித் தரச் சொல்லி அவள் கோர்ட்டுக்கு வந்தால், அரசுத் தரப்பின் பதிலில் 'லாச்சஸ்' என்று ஒரு சொல் இருந்தது. அது நின்றுவிட்டால் அவள் பக்கத்தைக் கேட்காமலே மனுவைத் தள்ளிவிடுவார்கள்.

"மேடம், லாச்சஸுக்குத் தமிழ்ல என்ன போட?"

"நீங்க என்ன போட்டிருக்கீங்க?"

"காலதாமதம்."

"அவ்வளவுதானா?"

"உரிமை இருக்குன்னு தெரிஞ்சும் கேட்காமத் தூங்கினவங்களுக்குக் கோர்ட் உதவாது. அதுதானே அர்த்தம். இந்தம்மா பதினாலு வருஷம் தூங்கிட்டு வந்திருக்காங்க. மனு நிக்காது மேடம். கேஸ் கட்டைத் திருப்பிக் கொடுத்துடலாம்."

வாசல் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒச்சம்மாளுக்கு அது கேட்டது.

"யாரு சார் தூங்கினது?"

சங்கரபாண்டியன் திரும்பிப் பார்த்தார்.

"திங்கக்கிழமை ஆனா கலெக்டர் ஆபீசு வாசல்ல நிப்பேன். மனுவை வாங்கிக்கிட்டு, 'பார்த்துக்கிட்டிருக்கோம், போயிட்டு வாம்மா'ம்பாங்க. போயிட்டுத்தான் வந்தேன். அதுக்குப் பேரு தூக்கமா?"

"மனு மேல மனு கொடுத்தாக் காலம் நிக்காதும்மா. சட்டம் அப்படி."

"அதை மனு வாங்கின மகராசன் ஒருத்தன் எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கோர்ட் கேன்டீனில் புதன்கிழமை மட்டும்தான் மீன்குழம்பு. டோக்கன் காலையிலேயே வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். இரண்டு மணிக்கு மேல் ஒன்றும் மிஞ்சாது.

"மேடம், நான் சாப்பிட்டுட்டு வந்து..."

"ஒரு நிமிஷம் உட்காருங்க சார். அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்றேன்."

உட்கார்ந்தார். சீனியர் வேறொரு கட்டைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார். மின்விசிறி சுற்றியது.

"மேடம்?"

"பார்த்துக்கிட்டிருக்கேன் சார்."

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து நின்றார்.

"மேடம், டோக்கன்..."

"தெரியுது சார். இதோ. உட்காருங்க."

சீனியர் சொல்லும்போது எழுந்து போவது மரியாதையில்லை. உட்கார்ந்தார். ஒச்சம்மாள் கொண்டுவந்திருந்த தூக்குவாளியைத் திறந்து, புளிச்சோற்றைச் சாப்பிட்டு, கை கழுவியும் வந்துவிட்டாள்.

இரண்டு தாண்டியதும் செண்பகவல்லி கட்டை மூடினார்.

"சாப்பிட்டுட்டு வாங்க சார்."

அவர் வேகமாகப் போனார். அதைவிட வேகமாகத் திரும்பி வந்தார். முகம் கறுத்திருந்தது.

"மூடிட்டான் மேடம். பாத்திரம் கழுவிக்கிட்டிருக்கான். 'இவ்வளவு நேரம் தூங்கிட்டீங்களா சார்'னு கேட்கிறான். சின்னப் பய, என்னைப் பார்த்து."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்ல? உட்காரச் சொன்னாங்க, உட்கார்ந்திருந்தேன்னேன். டோக்கன் செல்லாதுன்னுட்டான்."

"நாளைக்கு வரச் சொல்லலையா சார்?" என்றாள் ஒச்சம்மாள்.

அவர் அவளை முறைத்தார்.

"அது சரி," என்றார் செண்பகவல்லி. "ரெண்டு மணிக்கு மேல மிஞ்சாதுன்னு தெரியும். டோக்கன் கையில இருக்கு. கேன்டீன் எங்கேன்னும் தெரியும். ஏன் சார் எழுந்து போகல?"

"நல்லாருக்கே மேடம். நீங்கதானே உட்காரச் சொன்னீங்க."

"நான் சொன்னா? பசி உங்களுக்குத்தானே."

சங்கரபாண்டியனின் குரல் உயர்ந்தது. அந்த அறையில் அவர் அப்படிப் பேசியதேயில்லை.

"இது என்ன நியாயம்? நம்பித்தானே உட்கார்ந்தேன். கேட்கும்போதெல்லாம் பார்த்துக்கிட்டிருக்கேன்னு நீங்களே சொல்லி உட்காரவெச்சீங்க. இப்ப ஏன் உட்கார்ந்தேன்னு நீங்களே கேட்டா? வேற யார் கேட்டாலும் கேட்கட்டும். நீங்க எப்படிக் கேட்கலாம்?"

ஒச்சம்மாள் சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் எழுதி வைத்திருந்த தாள் மேசையில் கிடந்தது. காலதாமதம் என்ற சொல்லை வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை அடித்தார்.

"நானும் சொல்லியிருக்கேன் மேடம். ஆபீஸ்ல. போயிட்டு வாங்கன்னு. யார் யார்கிட்டன்னு ஞாபகம் இல்ல."

"ம்."

"காக்க வெச்சவங்களே காலதாமதம்னு சொல்லக் கூடாதுன்னு எழுதினா ஜட்ஜ் ஒத்துக்குவாரா?"

"தெரியாது."

அவர் பேனா மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார்.

"வெளிக்கடையில ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு வந்து எழுதிடறேன்."

"பசிக்குதா சார்?"

"ரொம்ப."

"அப்ப இப்பவே எழுதுங்க. சாப்பிட்டுட்டு வந்தா, திரும்பவும் காலதாமதம்னு எழுதிடுவீங்க."