வலப்பக்கம் திரும்பாத வண்டி

“வண்டி வலப்பக்கம் திரும்ப மாட்டேங்குதுங்க மாஸ்டர்.”

“இடப்பக்கம்?”

“அது வெண்ணெய் மாதிரி போகுதுங்க.”

நஸ்ரின் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள். டயரை அமுக்கினாள். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்தாள்.

“எப்ப இருந்துங்க சார்?”

“கொல்லிமலையில விழுந்ததுல இருந்து.”

“வண்டிக்கு என்ன ஆச்சு?”

“ஹேண்டில்பார் வளைஞ்சுது. மாத்தியாச்சு.”

“உங்களுக்கு?”

“எனக்கு ஒண்ணுமில்லீங்க. பின்னாடி இருந்த வசந்தாமணிக்குத்தான் காறை எலும்பு விட்டுப்போச்சு. என் சம்சாரம். எலும்பு கூடிருச்சு. ஆனா இப்பல்லாம் அவ பஸ்லதான் வர்றா.”

சென்னியப்பன் ஓய்வு பெற்ற பிரேக் இன்ஸ்பெக்டர். அரசாங்கத் தாள்களில் அந்தப் பதவிக்கு மோட்டார் வாகன ஆய்வாளர் என்று பெயர். மக்கள் வாயில் அந்தப் பெயர் ஒருநாளும் ஏறியதில்லை. ராசிபுரம் வட்டாரத்தில் முக்கால்வாசிப் பேரை எட்டுப் போட வைத்து லைசென்ஸ் கொடுத்தவர் அவர். எட்டில் கால் ஊன்றியதற்காகச் சொந்த மச்சானையே திருப்பி அனுப்பியவர். மச்சான் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை.

இப்போது அவருக்கே எட்டு வரவில்லை. இடது சுழி வந்தது. வலது சுழி பக்கத்து வீட்டு வேலியில் போய் முடிந்தது.

சந்தைக்குப் போக ஒருமுறை வலது திரும்பினால் போதும். அவர் மூன்று முறை இடது திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். தக்காளி வாங்க அது சற்று நீண்ட பயணம்.

ஊரில் இருந்த மெக்கானிக்குகள் எல்லாரும் பார்த்தார்கள். எல்லாரும் வண்டி நன்றாக இருக்கிறது என்றார்கள். அது அவருக்கு ஆறுதலாகவும் இருந்தது, சந்தேகமாகவும் இருந்தது.

அதனால்தான் கோவைக்குத் தெற்கே இருக்கும் இந்தப் பந்தயத் தடத்துக்கு வந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு, சொந்த வண்டியை யார் வேண்டுமானாலும் கொண்டுவந்து இங்கே ஓட்டலாம். பந்தயம் கிடையாது, பரிசு கிடையாது. சொல்லிக் கொடுக்க நஸ்ரின் இருந்தாள்.

அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. அவளுக்கு அவருடைய வண்டியைவிட வயது குறைவு. அவளை எப்படி அழைப்பது என்று அவர் வழியெல்லாம் யோசித்து வந்திருந்தார். ஆசிரியை என்றால் சாக்பீஸ் வாடை அடித்தது. ஆசான் என்றால் மீசை முளைத்தது. மாஸ்டர் என்றே வைத்துக்கொண்டார்.

“நாளைக்கு ஒருத்தர் வண்டியப் பாக்க வர்றாருங்க” என்றார். “வண்டியில குறைன்னா, அதைச் சொல்லி வித்துருவேன். என்கிட்டக் குறைன்னா, லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துட்டு வித்துருவேன்.”

“ரெண்டுக்கும் விக்கத்தான் போறீங்க.”

“ஆமாங்க. ஆனா எதுன்னு தெரியணும்ல.”

நஸ்ரின் அவரை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

“தெரியணும்” என்றாள்.

தடத்துக்குள் விடுமுன் வண்டிகளைச் சோதித்தார்கள். முகப்பு விளக்கின் மேல் டேப் ஒட்டச் சொன்னார்கள். சைடு கண்ணாடிகளைக் கழற்றச் சொன்னார்கள். சோதித்தவர் செயினை இழுத்துப் பார்த்தார், பிரேக்கை அழுத்திப் பார்த்தார், ‘சரி’ என்றார்.

“கிளட்ச் கேபிள்ல ஒரு பிரி விட்டிருக்கு. பாக்கலியே நீங்க” என்றார் சென்னியப்பன்.

“அது யார் வண்டிங்க?”

“என்னுதுதான்.”

கேபிளை மாற்றிக்கொண்டு மறுபடி வரிசையில் நின்றார். அவருக்கு மனம் நிறைந்திருந்தது.

முதல் சுற்றுகள் ஓடின. இடது வளைவுகளில் வண்டி பணிந்து படுத்தது. வலது வளைவுகளில் விறைத்துக்கொண்டது. எல்லாரும் அவரை முந்திப் போனார்கள். அவர் திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“பாத்தீங்களா மாஸ்டர்?”

“பாத்தேன்.”

“வண்டிதானுங்களே?”

நஸ்ரின் அவர் வண்டியில் ஏறிப் போனாள். நீலப் புகை அவளுக்குப் பின்னால் போயிற்று. தூரத்து வலது வளைவில் வண்டி தரையோடு தரையாகச் சாய்ந்து எழுந்ததை அவர் பார்த்தார். தன் வண்டிக்கு இப்படி ஒரு ஆசை இருந்தது அவருக்குத் தெரியாது.

“ரைட்ல நல்லாத்தான் போகுது” என்றாள், வந்து நிறுத்தி.

சென்னியப்பன் வண்டிக்காக மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் மீதி விஷயம் உறைத்தது.

“அப்ப நான்தான்.”

“அவசரப்படாதீங்க. இதை எடுங்க.”

அவள் காட்டியது பயிற்சி வண்டி. புதியது. அவர் அதில் போனார். அவள் அவருடைய பழைய வண்டியில் பின்தொடர்ந்தாள். புதிய வண்டியும் இடது வளைவுகளில் பணிந்தது. வலது வளைவுகளில் விறைத்துக்கொண்டது.

திரும்பி வந்ததும் கையுறைகளைக் கழற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக மடித்து வைத்தார்.

“நான்தானுங்க. முடிஞ்சுது. நாளைக்கே லைசென்ஸைக் கொடுத்தர்றேன்.”

“டெஸ்டுக்கு வர்றவங்களுக்கு ஒரு ரவுண்டு பாத்துட்டே பெயில் போட்டுருவீங்களா சார்?”

“கால் ஊனினா அரை ரவுண்டே போதுமுங்க.”

“ஏன் ஊனினாங்கன்னு கேப்பீங்களா?”

“அதுக்கு ஃபாரத்துல இடமில்லீங்க.”

நஸ்ரின் சிரித்தாள். பிறகு சொன்னாள்:

“ட்ராக்ல பாதி காலியா இருக்கு சார்.”

“எங்கீங்க?”

“நீங்க ரைட்ல திரும்பறப்ப எல்லாம். லெஃப்ட் ஓரத்தைப் புடிச்சா விடவே மாட்டேங்கறீங்க. வலது பாதியை அப்படியே விட்டு வெச்சிருக்கீங்க. அது யாருக்கு?”

“இடது ஓரமாப் போறது சட்டமுங்க.”

“இது ஒன்வே. எதிர்ல யாரும் வர மாட்டாங்க.”

“தெரியுமுங்க.”

“அப்ப யாருக்கு?”

இதைக் கேட்டுவிட்டு அவள் டீ குடிக்கப் போய்விட்டாள். நூல்களில் வரும் சீடன் இந்த இடத்தில் கண் மூடி உட்கார்ந்திருப்பான். சென்னியப்பன் கையுறைகளை மறுபடி மாட்டிக்கொண்டு பழைய வண்டியை உதைத்தார்.

வேகமாகப் போகும் எண்ணம் அவருக்கு இல்லை. பார்க்கத்தான் போனார். முப்பது வருடம் அடுத்தவர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்த மனிதர், முதல்முறையாகத் தனக்கு அடியில் குனிந்து பார்க்கப் போனார்.

முதல் வலது வளைவு வந்தது. வலது பாதியைப் பார்த்தார்.

இருந்தது.

அடுத்த வலது வளைவு. அங்கேயும் இருந்தது.

சுற்றை முடித்துவிட்டு வந்து, மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு நின்ற நஸ்ரினிடம் சொன்னார்:

“பஸ்ஸுக்குங்க.”

“எந்த பஸ்ஸுக்கு?”

“கொல்லிமலையில வந்த பஸ். நாங்க எறங்கிட்டிருந்தோம். அது ஏறி வந்துச்சு. வலது வளைவுல ரோடு முழுசையும் எடுத்துக்கிட்டுத் திரும்புச்சு. நான் இடது பக்கம் ஒதுங்கினேன். மண்ணுல வழுக்கிருச்சு.”

“இடிச்சுதா?”

“தொடக்கூட இல்லீங்க. நிறுத்தி, கண்டக்டர் எறங்கி வந்து ரெண்டு பேரையும் தூக்கிவிட்டாரு. தங்கமான மனுசன்.”

“இங்க எந்த வளைவுல வருது?”

“எல்லா வலது வளைவுலயும்.”

“சின்ன ட்ராக்குக்கு நல்ல சர்வீஸ்” என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. கண்ட்ரோல் ரூமில் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள்.

“சாப்பாட்டை எடுத்துக்கிட்டு வாங்க சார்.”

உணவு நேரம். தடத்தில் ஒரு வண்டியும் இல்லை. இருவரும் அதன் மேல் நடந்தார்கள். சாலையில் நடப்பவர் வலது ஓரமாக நடக்க வேண்டும் என்பது விதி. சென்னியப்பனே அதைப் பள்ளிக்கூடங்களில் போய்ப் பேசியிருக்கிறார். இருந்தும் அவர் கால் இடது ஓரத்துக்கே போயிற்று.

வலது வளைவு வந்தது. உள்பக்கத்தில், சிவப்பும் வெள்ளையுமாகச் சாயம் அடித்த விளிம்பை ஒட்டி நஸ்ரின் தன் தோல் ஜாக்கெட்டை விரித்தாள். உட்கார்ந்தாள். பொட்டலத்தைப் பிரித்தாள்.

“உட்காருங்க.”

“இங்கீங்களா?”

“பஸ் வந்தா எந்திரிச்சுக்கலாம்.”

சென்னியப்பன் எதிர் ஓரத்தில் நின்றுகொண்டே பொட்டலத்தைப் பிரித்தார். தயிர்சாதம். நின்றபடி தயிர்சாதம் சாப்பிடுவது நடக்கிற காரியம் இல்லை. அரைத் தடத்தைக் கடந்து வந்து, ஜாக்கெட்டின் நுனியில், பஸ் வர வேண்டிய திசையைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

நஸ்ரின் சாதத்தைப் பார்த்துச் சாப்பிட்டாள்.

அவர் ஒரு வாய் சாப்பிடுவார், நிமிர்ந்து பார்ப்பார். இன்னொரு வாய். நிமிர்ந்து பார்ப்பார்.

“பஸ் முன்பக்கம் என்ன நிறம்?” என்று கேட்டாள்.

“பச்சை. கண்ணாடியில எலுமிச்சம்பழம் கட்டியிருந்துச்சு.”

“கூட்டமா?”

“உட்கார எடமில்லீங்க.”

“பாவம்” என்றாள்.

தார் சுட்டது. தரையில் டயர்கள் உரசிய கறுப்புக் கோடு ஒன்று, அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தை ஒட்டி வந்து, விலகிப் போயிற்று. காலையில் அவரை முந்திப் போனவர்கள் எல்லாரும் இதன் வழியாகத்தான் போயிருக்கிறார்கள். அவர் அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். எங்கே தொடங்குகிறது என்று தேடினார். எங்கே முடிகிறது என்று தேடினார்.

“இங்க வர்றதுக்கு அவ்வளவு முன்னாடியே சாயறாங்களா?”

“மோர் மிளகாய் வேணுங்களா சார்?”

வாங்கிக் கடித்தார்.

எப்போது நிமிர்ந்து பார்ப்பதை நிறுத்தினார் என்று அவரைக் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. மோர் மிளகாய் காரணமாக இருக்கலாம்.

“வரலியே சார்” என்றாள் நஸ்ரின், கை கழுவிக்கொண்டே.

“ஞாயித்துக்கிழமை சர்வீஸ் இல்ல போலிருக்குங்க.”

பிற்பகலில் முதல் வலது வளைவில் இடது ஓரத்தை ஒரு முழம் விட்டு வந்தார். அடுத்த சுற்றில் தடத்தின் நடுவுக்கு வந்தார். அதற்கடுத்த சுற்றில் கறுப்புக் கோட்டைப் பிடித்தார். வண்டி ஒன்றும் சொல்லவில்லை. சாய்ந்தது, திரும்பியது, நிமிர்ந்தது. தயிர்சாதம் சாப்பிட்ட இடத்தின் மேல் அவர் போனார். மறுபடி வந்தார். மறுபடி போனார். கொடி காட்டிய பிறகும் ஒரு சுற்று போய்விட்டு வந்து, அதற்காகத் தாமே மன்னிப்புக் கேட்டார்.

வண்டியிலிருந்து இறங்கும்போது செல்போன் அடித்தது. வாங்க வருகிறவர்.

“வண்டி விக்கறதில்லீங்க” என்றார் சென்னியப்பன்.

“ஏனுங்க, வண்டியில எதாச்சும் குறையா?”

“இல்லீங்க.”

“உங்களுக்கு உடம்பு கிடம்பு…”

“எனக்கும் குறையில்லீங்க. எல்லாம் ஒரு பஸ்ஸால வந்தது.”



“பஸ் வாங்கிட்டீங்களா?” என்றார் அந்தப் பக்கம் இருந்தவர்.

வெயில் இறங்கியது. விளக்கின் மேல் ஒட்டிய டேப்பை உரித்தார். கண்ணாடிகளைப் பூட்டினார். கிளம்பத் தயாராக நின்ற அவர் முன்னால் நஸ்ரின் கையை நீட்டினாள்.

“சாவியைக் கொடுங்க சார்.”

கொடுத்தார்.

“உங்களுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு. சரியாச் சொன்னா வண்டியில போங்க.”

“இல்லீன்னா?”

“வண்டி இங்க இருக்கட்டும். நீங்க பஸ்ல போங்க.”

வாழ்நாளெல்லாம் மற்றவர்களை நிற்க வைத்த இடத்தில் சென்னியப்பன் நின்றார். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“கேளுங்க மாஸ்டர்.”

“அந்த பஸ் எங்க போச்சு?”

இவ்வளவுதானா என்று இருந்தது அவருக்கு.

“போயே போச்சுங்க.”

நஸ்ரின் சாவியை மூடிப் பிடித்துக்கொண்டாள்.

“இனிமே வராதுங்க. நூத்துக்கு நூறு.”

விரல்கள் இன்னும் இறுகின.

சென்னியப்பன் யோசித்தார். நெடுநேரம் யோசித்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“அது வெளியில எங்கயும் இல்லவே இல்லீங்க மாஸ்டர். என் மனசுக்குள்ளதான் இருந்துச்சு.”

நல்ல பதில். தினசரிக் காலண்டரில் அச்சடிக்கலாம்.

நஸ்ரின் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“பஸ் ஸ்டாப் கேட்டுக்கு வெளிய இருக்கு சார். ரோட்டைத் தாண்டணும்.”

அவள் அலுவலகத்தை நோக்கி நடந்தாள். அவர் வண்டியின் சீட்டில் கை வைத்தபடி நின்றார். காலையில் ஒரு கேள்வியோடு வந்தவர், இப்போது விடை தெரிந்தும் தோற்றவராக நின்றார். என்ன தப்பு? பஸ் இல்லை. அவர் கண்ணாலேயே பார்த்தார். தடம் முழுக்கத் தம்முடையதாக வளைந்து போனார். இதே மாதிரி ராசிபுரம் வரை…

மதில் சுவருக்கு அப்பால், நெடுஞ்சாலை வளைவில் ஒரு பஸ்ஸின் ஏர் ஹார்ன் எழுந்தது. நீளமாக, யாருக்கும் வழி விடுகிற உத்தேசம் இல்லாமல், சாலை முழுவதையும் எடுத்துக்கொண்டு அது வந்தது. சுவர் அதிர்ந்தது. கடந்து போயிற்று.

சென்னியப்பன் சீட்டிலிருந்து கையை எடுத்தார்.

“மாஸ்டர்” என்றார்.

நஸ்ரின் நின்றாள். திரும்பவில்லை.

“ரோட்டுக்குப் போயிருச்சுங்க.”

சாவி காற்றில் வந்தது.