அழுக்கு தெரியாத கலரு

மணல்முக்கு கால்பந்து கிளப்புல விளையாட்டு சொல்லிக் குடுக்கவரு லீனஸ். ஊருக்கே அவரு ஆசான். சாயங்காலம் ஃபைனல். காலையிலயே பெனிட்டா செருப்பக்கூட கழட்டாம கிளப்பு ஆபீசுக்குள்ள வந்து நின்னா.

"ஆசானே, ஒரே கேள்வி. கிளப்புக்கு அரசியல் உண்டா, இல்லையா?"

ஆசான் பந்துக்குக் காத்தடிச்சிட்டு இருந்தாரு. "வெயில்ல வந்திருக்க. தண்ணி குடி."

"தண்ணி கெடக்கட்டும். உண்டுன்னா ரொசாரி மாமா வெளிய போவட்டும். இல்லன்னா நான் போறேன்."

பெனிட்டா சட்டம் படிக்கவ. ஆசான்கிட்ட பந்து தட்டிப் பழகினவ. மேட்ச் அன்னைக்கு காலரியில உக்காந்து செண்டைமேளம் அடிக்கிற கூட்டத்துக்கு அவதான் தலைவி. இந்த மாசம் துறைமுக வாயில வள்ளம் கவுந்து ஊர்ல ரெண்டு பேரு செத்துப்போனாங்க. அலைத்தடுப்ப ஒழுங்கா கட்டுங்கன்னு கேட்டுக் கேட்டு ஊருக்குத் தொண்டை வத்திப்போச்சு. கோப்பையக் குடுக்க இன்னைக்கு மந்திரி வாராரு. அவரு கண்ணுல படுத மாதிரி கருப்புக் கொடி தச்சு வச்சிருந்தா பெனிட்டா. கொடி கூடாதுன்னுட்டாரு கிளப்பு செயலாளர் ரொசாரி. ரொசாரி, மந்திரியோட கட்சி.

"கொடியக் காட்டுனா டீம வெளியேத்திருவாங்களாம். போட்டி நடத்துதவங்க சொன்னாங்களாம். நல்ல கதை! மாமாவுக்கு மந்திரி கழுத்துல மாலை போடணும். அதுக்கு நம்ம செத்தவங்க குறுக்க நிக்காங்க."

"இத அவர்ட்டயே சொன்னியா?"

"சொன்னேன். எல்லாரும் நிக்கும்போதே சொன்னேன். கட்சிதான் வேணும்னா கிளப்ப விட்டுப் போங்கன்னேன். சாமான் ரூம் சாவிய இந்த மேசையில வச்சாரு, போயிட்டாரு."

குரல் கொஞ்சம் எறங்கிச்சு. "சின்னதுல அவரு தோள்ல ஏறித்தான் மேட்ச் பாத்தேன் ஆசானே."

ஆசான் பந்த அமுக்கிப் பாத்தாரு. "நம்ம ஜெர்சி என்ன கலரு?"

"கருப்பு."

"ஏன்?"

"அழுக்கு தெரியாது, சோப்பு மிச்சம். ரொசாரி மாமா எப்பவும் சொல்லுவாரே."

ஆசான் சிரிச்சாரு. "மொதல்ல வெள்ளையாத்தான் இருந்து. ஒரு வருஷம் பெருங்காத்துல போன வள்ளங்க திரும்பல. தேடிப் போக ஒரு கப்பல் வரல. நாங்க கையில கருப்புத் துணி கட்டிட்டு எறங்கினோம். ரெஃப்ரி, 'இது அரசியல். கழட்டு, இல்லன்னா வெளிய போ'ன்னாரு. கழட்டிட்டோம்."

"கழட்டிட்டீங்களா? ரொம்ப நல்லாருக்கு!"

"பொறு. ஆஃப் டைம் வந்து. மைதானத்துக்குப் பின்னால வலைக்குக் கருப்புச் சாயம் காய்ச்சுத அண்டா. இப்ப நம்ம சாமான் ரூமுக்குள்ள கெடக்கே, அதேதான். கோல் காத்த எங்க கோலி ஜெர்சியக் கழட்டி அதுல ஒரே முக்கு. அவன் பின்னால நாங்க எல்லாரும். சொட்டச் சொட்ட மறுபடி எறங்கினோம். ரெஃப்ரி ரூல் பொஸ்தகத்தப் பொரட்டுனாரு. ரெண்டு டீமும் ஒரே கலரு போடக்கூடாதுன்னுதான் இருந்து. அவனுக மஞ்சள். விசில ஊதிட்டாரு."

பெனிட்டாவுக்குச் சிரிப்பு வந்துட்டு. கோவம் போயிருமோன்னு உதட்டக் கடிச்சிக்கிட்டா.

"ஜெயிச்சீங்களா?"

"எங்க! அஞ்சு கோல் வாங்கினோம். கோலிக்குக் கண்ணு பூரா சாயம்."

"யாரு அந்தக் கோலி?"

ஆசான் பந்த அவ கையில குடுத்தாரு. "அழுக்கு தெரியாதுன்னு உன்கிட்ட யாரு சொன்னா?"

பெனிட்டா பந்தப் பாத்தா. பெறவு மேசையில இருந்த சாவியப் பாத்தா.

"பெறவு ஏன் இன்னும் அந்தக் கட்சியில கெடக்காரு?"

"அதுக்குத்தான் நானும் அவருகூட தெனமும் சண்டை போடுதேன். போட்டுட்டு ரெண்டு பேரும் ஒண்ணா மேட்ச் பாக்கோம்."

அவ சாவியக் கையில எடுத்தா. காலரியில செண்டைய யாரோ தட்டிப் பாக்குத சத்தம் கேட்டு.

"நான் போகச் சொல்லிட்டேனே ஆசானே. சாவியையும் வச்சிட்டுப் போயிட்டாரே. இனி வருவாரா?"

"அண்டா பூட்டுன ரூமுக்குள்ளல்லா கெடக்கு மக்களே. நீ அத எடுத்து அடுப்புல வைக்கணும்னுதான் சாவிய வச்சிட்டுப் போயிருக்காரு. வழியில என்கிட்டச் சொல்லிட்டு அவரு சாயம் வாங்கப் போயிருக்காரு, காலரியில உள்ளவங்க சட்டை பூராத்துக்கும்."