விரிசல் விழுந்த கிரில் அடுப்பு

குன்னூர் கீழ்ப் பஜாருக்குப் பின்னால், சரிவில், சவரியம்மாளின் பட்டறை இருந்தது. பழைய வார்ப்பிரும்பு கிரில் அடுப்புகளைத் தேடிப் பிடிப்பது, துரு எடுப்பது, மறுபடி நெருப்புக்குப் பழக்கிக் கொடுப்பது, இதுதான் அவள் தொழில். ஒரு காலத்தில் துரைமார் பங்களாக்களில் கறியும் மீனும் சுட்ட அடுப்புகள் அவை. அவர்கள் ஊரைவிட்டுப் போன பிறகு கோழிக்குத் தீவனம் வைக்கவும், கதவுக்கு முட்டுக்கொடுக்கவும் ஆகிப்போயின.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. அவளிடம் வந்து சேர்ந்த சீடருக்கு அறுபத்து மூன்று.

சீடரின் பெயர் தாணுமாலயன். மாஜிஸ்திரேட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். குன்னூரில் வீடு எடுத்துக் குடிவந்த மூன்றாம் மாதம் அவர் மனைவி கோமதி சொன்னாள்:

"தினமும் சாம்பாருக்குத் தீர்ப்பு சொல்றீங்க. என்னால முடியல. எங்கேயாவது போய் ஒரு வேலை கத்துக்கிட்டு வாங்க."

நடக்கப் போகும்போதெல்லாம் அவர் பட்டறை வாசலில் நின்று பார்ப்பது வழக்கம். மறுநாள் உள்ளே போய்க் கேட்டார்.

"எனக்குக் கத்துக்கொடுப்பீங்களா?"

சவரியம்மாள் அவர் கைகளைப் பார்த்தாள். பிறகு சட்டையைப் பார்த்தாள்.

"வெள்ளைச் சட்டையோட வராதீங்க ஐயா."

அவ்வளவுதான், சேர்த்துக்கொண்டுவிட்டாள்.

முதல் நாள் ஒரே ஒரு விஷயம் சொன்னாள்.

"சூடான வார்ப்புல பச்சைத் தண்ணி படக் கூடாது. படீர்னு விரிசல் விட்டுடும். மத்ததெல்லாம் செய்யச் செய்ய வரும்."

தாணுமாலயனுக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. துரு மண்டிய ஒரு தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

"இதுக்குக் கீழே நல்ல இரும்பு இருக்குன்னு எப்படித் தெரியும் மேஸ்திரியம்மா?"

அவள் கம்பி பிரஷ்ஷை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் மூன்று நாள் தேய்த்தார். உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் சாம்பல் நிறத்தில் இரும்பு தெரிந்தது.

"இருக்கு," என்றார்.

"அப்படியா? எனக்கும் இப்பத்தான் தெரியும்," என்றாள் சவரியம்மாள். அவருக்குச் சர்க்கரை வியாதி என்பது அவளுக்குத் தெரியும். அன்றிலிருந்து அவருக்கென்று தனியாகச் சர்க்கரை போடாத டீ வந்தது.

ஆறு மாதம் போயிற்று.

மலைப்பாதையில் சோளம் சுட்டு விற்கும் கதிர்காமன் ஒருநாள் பட்டறைக்கு வந்தார். அவருடைய தகர அடுப்பு ஒவ்வொரு சீசனுக்கும் ஓட்டையாகிவிடும்.

"எனக்கு அப்புறமும் இருக்கிற மாதிரி ஒண்ணு வேணும் மேஸ்திரி. ஏப்ரல் கடைசிக்குள்ள கிடைக்குமா?"

"கிடைச்சா தர்றேன்," என்றாள் அவள்.

கிடைத்தது தாணுமாலயனுக்குத்தான். பழைய அடுப்பு தேடி இருவரும் போன ஒரு பங்களாவின் கொல்லைப்புறத்தில், குழாயடியில், சோப்பு நுரைக்குக் கீழே அவர் அதைக் கண்டார். துணி துவைக்கிறவர்கள் அதைக் கவிழ்த்துப்போட்டு மேலே வாளி வைத்திருந்தார்கள். அவர் குனிந்து விரலால் சுரண்டினார். விளிம்பில் இலை வேலைப்பாடு தட்டுப்பட்டது. தட்டிப் பார்த்தார். மணி மாதிரி ஓசை வந்தது.

"மேஸ்திரியம்மா!" என்று அவர் கூப்பிட்ட கூப்பாட்டில் நாய் குரைத்தது.

சவரியம்மாள் வந்து பார்த்தாள். அடுப்பைப் பார்த்ததைவிட அவரை அதிக நேரம் பார்த்தாள்.

"இது உங்க அடுப்பு ஐயா. நீங்களே முடிங்க. நான் தொட மாட்டேன்."

மூன்று வாரம் வேலை. வினிகரில் ஊறப்போட்டார். தேய்த்தார். கழுவித் துடைத்து வெயிலில் காயவைத்தார். கடலை எண்ணெயை மெல்லிசாகத் தடவி, நெருப்பில் சூடேற்றி, தானாக ஆறவிட்டார். இப்படி ஏழு முறை செய்தால்தான் வார்ப்பு கறுத்து மினுங்கும். வீட்டில் அவர் சாம்பாரைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். இலை வேலைப்பாட்டைப் பற்றியே பேசினார். கோமதி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

ஏழாவது சூடு அன்று சவரியம்மாள் கரி வாங்க மேட்டுப்பாளையம் போனாள்.

"நீங்களே பாத்துக்குங்க. நாலு மணிக்கு வந்துடுவேன்."

சூடு நன்றாக ஏறியது. அடுப்பின் கரி போடும் தொட்டி முழுக்கக் கன்னங்கரேலென்று பளபளத்தது. மணி மூன்றரை. அவள் உள்ளே வரும்போது தொட்டியில் கால் பூட்டி, கம்பித்தட்டு வைத்து, முழு அடுப்பாக நிற்கவேண்டும். அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். தாணுமாலயனுக்கு அந்த ஆசை வந்துவிட்டது. ஆனால் தொட்டி இன்னும் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது.

ஒரு குவளைத் தண்ணீர்தானே என்று நினைத்தார். ஊற்றினார்.

படீரென்று ஒரு சத்தம்.

தொட்டியின் அடியில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு விழுந்திருந்தது. அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். முதலில் அவருக்குத் தோன்றியது, யாரும் பார்க்கவில்லை என்பதுதான். அந்த வார்த்தையை அவர் கோர்ட்டில் எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறார். அவர்கள்மேல் அவருக்கு எப்போதும் கொஞ்சம் அலட்சியம் உண்டு.

எழுந்து, கரியைப் பொடித்து எண்ணெயில் குழைத்தார். விரிசலில் அழுத்தி நிரப்பினார். துணியால் துடைத்தார். கோடு மறைந்துவிட்டது. வேலை இவ்வளவு சுத்தமாக வந்தது அவருக்கே பயமாக இருந்தது.

நாலு மணிக்கு சவரியம்மாள் வந்தாள். தொட்டியைத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலால் அடிப்பாகத்தைத் தடவினாள்.

"ஏழாவது சூடு நல்லா ஏறியிருக்கு," என்றாள்.

அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அவர் அதைக் குடிக்காமல் ஆறவிட்டார்.

அன்று வீட்டில் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். கோமதி எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"சாம்பார்ல உப்பே போடல நான். இப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

"சரியாத்தான் இருக்கு."

கோமதி அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

காலையில் அவர் பட்டறைக்குப் போனபோது கதிர்காமன் அவருக்கு முன்பே வந்திருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். ஒரு சாக்கில் சோளம் கொண்டுவந்திருந்தார். அடுப்பை வாசலில் வைத்து, கரி அடுக்கி, விளிம்பில் ஒரு செம்பருத்திப் பூவும் வைத்திருந்தார். சவரியம்மாள் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"இதைக் கண்டெடுத்தது நீங்கதானாமே ஐயா, மேஸ்திரி சொன்னாங்க," என்றார் கதிர்காமன். "முதல் நெருப்பு உங்க கையாலதான்."

தீப்பெட்டியை அவர் கையில் வைத்தார்.

தாணுமாலயன் ஒரு குச்சியை எடுத்தார். கதிர்காமன் ரப்பர் செருப்பு போட்டிருந்தார். நெருப்பு முழுசாக ஏறினால் தொட்டி இரண்டாகப் பிளக்கும். கனல் அந்தக் கால்களில்தான் கொட்டும். இன்றைக்குக் கொட்டாவிட்டால் நாளைக்குக் கொட்டும்.

குச்சியைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார்.

"இதைப் பத்தவைக்கக் கூடாது. அடியில விரிசல் இருக்கு. நான்தான் தண்ணி ஊத்தினேன். கரியைக் குழைச்சுப் பூசி மறைச்சதும் நான்தான்."

கதிர்காமன் அடுப்பைப் பார்த்தார். பூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்குச் சீசன் ஆரம்பம் ஐயா," என்றார் மெதுவாக. "பழைய தகரத்தை நேத்துதான் காயலான் கடையில போட்டேன்."

அந்தக் குரலில் கோபம் இல்லை. அதனால் தாணுமாலயனுக்கு அது இன்னும் தாங்க முடியாததாக இருந்தது.

சவரியம்மாள் உள்ளே போனாள். ஒரு கிரில் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தினமும் மத்தியானம் அவள் தனக்குச் சமைத்துக்கொள்ளும் அடுப்பு அது. கால்கள் இறுக்கப்பட்டு, புது எண்ணெய் தடவி, எடுத்துப்போகத் தயாராக இருந்தது.

"இதைக் கொண்டுபோங்க கதிர்காமன். பன்னெண்டு வருஷமா எரியுது. ஒண்ணும் ஆகல."

"இது உங்களுது இல்லையா மேஸ்திரி?"

"நேத்து வரைக்கும். எனக்கு அந்த விரிசல் அடுப்பு போதும். இரும்புப் பட்டை வச்சு ஆணி அடிச்சா சின்ன நெருப்பு தாங்கும். ஐயா அடிப்பாரு."

கதிர்காமன் முகம் மலர்ந்தது. கரியை இந்த அடுப்புக்கு மாற்றினார். பூவையும் மாற்றினார். அவர் விடவில்லை, தாணுமாலயன் கையாலேயே நெருப்பு வைக்கச் சொன்னார். கனல் பிடித்ததும் நாலு சோளத்தைத் தட்டில் அடுக்கிவிட்டு, எலுமிச்சம்பழமும் மிளகாய்ப் பொடியும் வாங்க பஜாருக்குப் போனார்.

குருவும் சீடரும் அடுப்பின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். தாணுமாலயன் எண்ணெய் தடவிய கால்களைப் பார்த்தார்.

"நேத்தே தெரிஞ்சிடுச்சா?"

"தடவினப்பவே."

"நல்லாத்தானே பூசியிருந்தேன்?"

"ரொம்ப நல்லா. என்னைவிட நல்லா."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என் மேஸ்திரி பேரு ஆரோக்கியம்," என்றாள் சவரியம்மாள். "வேலைக்குச் சேர்ந்த புதுசுல அவரோட வார்ப்புத் தட்டு ஒண்ணைக் கீழே போட்டுட்டேன். விரிசல் விட்டுடுச்சு. கரியும் எண்ணெயும் குழைச்சுப் பூசினேன்."

"கண்டுபிடிச்சாரா?"

"தெரியாது. அவர் கேக்கல. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். நாலு வருஷம். ஒரு டிசம்பர்ல போய்ச் சேர்ந்துட்டாரு."

கனலில் ஒரு சோளமணி வெடித்தது.

"நீங்களும் என்னைக் கேக்கலையே மேஸ்திரியம்மா?"

"கேட்டா அது உங்க கோர்ட்டு ஆயிடும் ஐயா."

"நான் சொல்லாமலே குச்சியைக் கிழிச்சிருந்தா?"

"கையைப் பிடிச்சிருப்பேன்."

தாணுமாலயன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டார். பிறகு கேட்டார்:

"எனக்கு என்ன தண்டனை?"

சவரியம்மாள் இடுக்கியை அவரிடம் நீட்டினாள்.

"சோளம் கருகுது ஐயா. திருப்பிப் போடுங்க."