வாய்க்கரிசி வரிசை

மாசிலாமணிக்கு அந்த மடத்தில் ஒரே ஒரு குறைதான். காவி கிடைக்கவில்லை.

வந்து சேர்ந்து காலம் போன போக்கில் தலையெல்லாம் பஞ்சாகிவிட்டது. இடுப்பில் இன்னும் அதே வெள்ளை வேட்டி. பெரியசாமி இருந்தவரை “ஆகட்டும், பார்க்கலாம்” என்றே ஓட்டிவிட்டார். அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்த சின்னச்சாமிக்கு மாசிலாமணியின் வயதில் பாதிதான். அந்தப் பிள்ளையின் காலில் விழுந்து கேட்டுக் கேட்டு, ஒருவழியாக நாளைத் தைப்பூசத்துக்குக் காவி என்று வாக்கு வாங்கியிருந்தார்.

பார்த்து இன்றைக்குத்தானா ஆள் வரவேண்டும்? ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் அவருடைய அம்மா தையல்நாயகி காலமாகிவிட்டாராம்.

மாசிலாமணி அழவில்லை. மடத்துக் கட்டுப்பாடு அவருக்கு மனப்பாடம். காவி வாங்கப் போகிறவன் விட்டுவந்த வீட்டுச் சாவில் கை வைத்தால், அடுத்த பூசம் வரை காத்திருக்க வேண்டும். நேரே சின்னச்சாமியிடம் போய் நின்றார்.

“வீட்டை எப்போதோ விட்டாயிற்று சாமி. நான் போகவில்லை. சரிதானே?”

சின்னச்சாமி மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“நான் போகிறேன். குடை பிடிக்க ஆள் வேண்டும். வாரும்.”

குரு சொன்னால் தட்ட முடியுமா? குடையை விரித்துக்கொண்டு பின்னால் நடந்தார். நடக்க நடக்கப் பழசெல்லாம் வந்து தொலைத்தது. பிரசவத்தில் பெண்டாட்டி போனதும், பச்சைக் குழந்தையை அம்மாவின் மடியில் போட்டுவிட்டு மடத்துக்கு வந்தவர் அவர். ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்த மனுஷி. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். பிறகு அமாவாசை தவறாமல் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு ஆற்றைக் கடந்து வருவாள். மாசிலாமணி வெளியே வரமாட்டார். இங்கே மகன் என்று யாரும் இல்லை, எடுத்துக்கொண்டு போகச் சொல் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்புவார். அதைப் பெரிய வைராக்கியம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தார்.

ஊருக்குள் நுழைந்தால் மேளம் காதைப் பிளக்கிறது. பேத்திக்குப் பிள்ளை பிறந்து பார்த்துவிட்டுப் போன உயிர், கல்யாணச் சாவு, யாரும் ஒப்பாரி வைக்கக் கூடாது என்று பேத்தி குமுதவல்லி கறாராகச் சொல்லிவிட்டாளாம். அன்று அம்மாவின் மடியில் போட்டுவிட்டு வந்த அந்தக் குழந்தைதான். இப்போது பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். மாசிலாமணியை ஒரு பார்வை பார்த்தாள். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை.

வாய்க்கரிசி போட ஜனம் நின்றது. வாசலில் தொடங்கிய வரிசை தெருவைத் தாண்டி வாய்க்கால் வரைக்கும் போயிற்று. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள் தங்கள் பிள்ளைகளைத் தையல்நாயகியிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். பேத்தியோடு சேர்த்து அத்தனையையும் வட்டமாக உட்காரவைத்து, ஒரே சட்டியில் பிசைந்து, கைக்குக் கை உருட்டிப் போட்டு வளர்த்த கூட்டம் அது. மீசை வைத்தவனும் நிற்கிறான், பிள்ளைத்தாய்ச்சியும் நிற்கிறாள்.

பங்காளி வைத்திலிங்கம் பெரியவருக்குப் பொறுக்கவில்லை. மகன் துறவி என்பதால் கொள்ளி வைக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருந்தது. பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டாமா?

“ரத்த சொந்தம் மட்டும் நில்லுங்கப்பா. மத்தவங்க ஒதுங்குங்க.”

ஒருவர்கூட அசையவில்லை.

குமுதவல்லிதான் பேசினாள். “அப்படிப் பாத்தா நான் ஒருத்திதான் நிக்கணும் தாத்தா. இவங்கள அனுப்பிட்டா அப்பாயி எந்திரிச்சு வந்து சண்டை போடும்.”

கூட்டம் சிரித்தது. சாவு வீட்டில் அப்படியொரு சிரிப்பை மாசிலாமணி கேட்டதில்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவில் கிழவி ராணி மாதிரி படுத்திருந்தாள். அவருக்கும் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஆனாலும் குடைக்காம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கியே நின்றார்.

அப்போதுதான் கவனித்தார், குடைக்கடியில் ஆள் இல்லை. சின்னச்சாமி வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டிருந்தார்.

மாசிலாமணி பதறிப்போய் ஓடினார்.

“சாமி, நீங்கள் அரிசி போடலாமா? நீங்கள் துறவி.”

“இங்கே துறவியாக வரவில்லை. பேரனாக வந்திருக்கிறேன்.”

“பேரனா?”

“சின்ன வயதில் என்னை மடத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். அழுதுகொண்டு கிணற்றடியில் கிடப்பேன். நீர் வேண்டாமென்று அனுப்பிய சோறு ஆற்றைத் தாண்டித் திரும்பிப் போனது என்றா நினைத்தீர்? மடியில் உட்காரவைத்து எனக்கு ஊட்டிவிட்டுத்தான் அப்பாயி போகும்.”

மாசிலாமணி அவரை நிமிர்ந்து பார்த்தார். எந்தப் பிள்ளையின் காலில் விழுந்து காவி கேட்டாரோ, அந்தப் பிள்ளையின் உடம்பில் அம்மாவின் சோறு ஓடிக்கொண்டிருந்தது.

“உம்மைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் கேட்கும். நேரத்துக்குச் சாப்பிடுகிறானா என்று” என்றார் சின்னச்சாமி.

குடை எங்கே விழுந்தது என்று மாசிலாமணிக்குத் தெரியாது. வரிசையை விலக்கிக்கொண்டு ஓடினார். யாரும் தடுக்கவில்லை. குமுதவல்லி அரிசித் தட்டை அவர் பக்கம் நீட்டினாள். அள்ளி அம்மாவின் வாயில் போட்டபோது ஊரே பார்க்க ஓவென்று அழுதார். மேளக்காரர்கள் இன்னும் ஓங்கி அடித்தார்கள்.

வரிசை முழுதும் அரிசி போட்டு முடிந்தது. கடைசியாகச் சின்னச்சாமியும் போட்டுவிட்டு, பூப்பல்லக்கின் முன்கொம்புக்குத் தோளைக் கொடுக்கக் குனிந்தார். மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

“நாளைக்கு எனக்குக் காவி இல்லை, சாமி.”

“காவி அடுத்த பூசத்துக்கும் வரும். இந்த அம்மாளின் ஊர்வலம் இன்றைக்கு ஒருநாள்தான். பெரியவரிடம் கொள்ளிச்சட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடவும். பேரன்கள் நாங்கள் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறோம்.”