முதலாளியும் மச்சானும் ஒத்துக்கொண்ட ஸ்பீக்கர்

பங்களா ஹாலுக்கு எந்த ஸ்பீக்கர் என்று ஏலக்காய் முதலாளி சங்கிலிராசனுக்கும் அவர் மச்சான் தவசிக்கும் ஒரு வாரமாகச் சண்டை. முதலாளிக்கு ஆளுயர மரப்பெட்டிதான் வேண்டும். மச்சானுக்குச் சுவரில் மாட்டும் சின்னப் பெட்டி.

முதலாளி வயர்மேன் சூசையைக் கூப்பிட்டார். "ரெண்டு பேரும் ஒத்துக்கிற ஒண்ணை இன்னைக்கே மாட்டணும். இல்லேன்னா இந்த வாசலை மிதிக்காதே!"

சூசை அசரவில்லை. இருவரும் வாங்கி வைத்திருந்த பெட்டிகளை ஹாலில் போர்வையால் மறைத்து, ஒரே பாட்டை இரண்டு முறை போட்டான்.

"முதல்ல கேட்டது தேன்! அது என் மரப்பெட்டி!" என்றார் முதலாளி.

"அது தகரம். ரெண்டாவதுதான் தேன், அது என்னோடது!" என்றார் மச்சான்.

சூசை போர்வையை இழுத்தான். இரண்டு பெட்டிக்கும் வயரே கொடுக்கவில்லை. நடுவே பாடிக்கொண்டிருந்தது, லைன் சோதிக்க அவன் பையில் வைத்திருக்கும் நசுங்கிய ஸ்பீக்கர்.

"ஐயா, ரெண்டு பேரும் தேன்னு ஒத்துக்கிட்டது இதைத்தான். எந்தச் சுவத்துல மாட்டட்டும்?"