மூன்றாவது விறகு

"தாயே, இந்த அடுப்பு என்னைக் கொன்றுவிடும்" என்றார் திருவேங்கடம்.

முகமெல்லாம் கரி. கண் இரண்டும் மிளகாய் பட்டதுபோல் சிவந்து கிடந்தன.

மாராயி அம்மா சமையல்கட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். உள்ளே புகைதான் இருந்தது. புகைக்குப் பின்னால் அடுப்பு இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

"எத்தனை விறகு வெச்சீங்க?"

"பதினொன்று."

"ஜன்னல்?"

"சூடு வெளியே போய்விடும் என்று சாத்திவிட்டேன்."

அவள் உள்ளே போனாள். ஜன்னலைத் திறந்தாள். அடுப்பிலிருந்து ஒன்பது விறகை உருவி வெளியே போட்டாள். தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவ்வளவுதான் பதில்.

இந்தத் திருவேங்கடம் லேசுப்பட்ட ஆள் இல்லை. முப்பது வருஷமாகப் பட்டிமன்ற நடுவர். சொற்புயல் என்று பட்டம். மைக் கையில் கிடைத்தால் கரண்ட் போகிறவரைக்கும் பேசுவார். கரண்ட் போனாலும் பேசுவார்.

அவர் மனைவி வடிவாம்பாள் கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு வாக்கியத்தையும் முழுசாக முடித்ததில்லை. பாதியில் இவர் வாங்கிக்கொள்வார். வாங்கி, அழகாக முடித்தும் வைப்பார். கேட்கிறவர்கள் கை தட்டுவார்கள்.

சித்திரை மாசம் ஒருநாள் அவள் பையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். ஏன் போகிறேன் என்று சொல்லத்தான் ஆரம்பித்தாள். இவர் குறுக்கே புகுந்து, பிரிவைப் பற்றிய ஒரு பழைய பாட்டுக்குப் பொருள் சொன்னார். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

வீடு வெறிச்சென்று போனது. சுவரைப் பார்த்துப் பேசிப் பார்த்தார். சுவர் குறுக்கே பேசவில்லைதான், ஆனாலும் நன்றாக இல்லை. ராத்திரி சோறு இறங்கவில்லை. அவள் இல்லாமல் நான் ஒன்றுமே இல்லை என்று முதல்முறையாகத் தெரிந்தது. அதைச் சொல்லக்கூட ஆள் இல்லை.

அதனால்தான் மொட்டைப்பாறை மடத்துக்கு வந்தார்.

மடம் என்றால் பெரிசாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மலைமேல் ஓட்டுக் கட்டடம் ஒன்று, சமையல்கட்டு ஒன்று. மாராயி அம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. இவருக்கு அறுபத்திரண்டு. வந்ததும் காலில் விழுந்தார்.

"தாயே! மௌனத்தை எனக்கு உபதேசியுங்கள்!"

"எழுந்திரிங்கய்யா. சமையல் தெரியுமா?"

"தெரியாது. ஆனால் சமையலைப் பற்றி..."

"கேஸ் சிலிண்டர் மலை ஏறாதுங்க. விறகடுப்புதான். புகையாம ஒரு நேரம் சோறாக்குங்க. அன்னிக்கு உபதேசம்."

திருவேங்கடத்துக்கு ஒரே குஷி. இவ்வளவு சல்லிசாக ஞானம் கிடைக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

அது நடந்து மூன்று வாரம் ஆகிறது.

ஒன்பது விறகு உருவப்பட்ட அன்று அவர் கண்ணுச்சாமியைப் பிடித்துக்கொண்டார். கண்ணுச்சாமி மடத்தில் இருக்கும் இன்னொரு சீடர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ சத்தத்தைச் சகித்த மனுஷன்.

"பார்த்தீர்களா! பதினொன்று வைத்தேன். இரண்டை மட்டும் விட்டுவிட்டுப் போகிறார். ஏன் இரண்டு? சீவன் ஒன்று, சிவன் ஒன்று. இரண்டுக்கும் நடுவே எரிவது எது? அங்கேதான் சூட்சுமம்!"

"அய்யா, அடுப்பு..."

"இருங்கள், முடித்துவிடுகிறேன்."

முடித்தார். முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் இரண்டு விறகும் நுனி எரிந்து, தள்ளிவிட ஆள் இல்லாமல், அணைந்தே போயின.

அன்று மடத்தில் எல்லாரும் அவல் தின்றார்கள்.

மறுநாள் இரண்டே விறகு வைத்தார். நுனியைத் தள்ளித் தள்ளிவிட்டார். அப்படியும் புகைந்தது. விறகின் பின்பக்கம் நுரை கக்கிக்கொண்டு உஸ் உஸ் என்றது.

"தாயே, இரண்டுதான் வைத்தேன்! இப்போதும் புகைகிறதே!"

மாராயி அம்மா வந்தாள். குவியலிலிருந்து இரண்டு விறகை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினாள்.

தொப்.

அடுப்புக்குப் பின்னால் சுவரோரம் அடுக்கியிருந்ததில் இரண்டை எடுத்துத் தட்டினாள்.

டங்.

திருவேங்கடத்துக்குப் புல்லரித்தது. "நாதம்! ஓசையிலிருந்து பிறந்ததே இந்த உலகம் என்று காட்டுகிறீர்கள்!"

"ஈரம்ங்க" என்றாள் அவள். "இது காஞ்சது. அது காயல."

போய்விட்டாள்.

கண்ணுச்சாமி சிரிப்பை அடக்க முடியாமல் பாறைப் பக்கம் ஓடினார்.

திருவேங்கடம் விடுவாரா? நான்கு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு விறகாகத் தட்டினார். டங் ஒரு பக்கம், தொப் ஒரு பக்கம். தடியாக இருந்ததை எல்லாம் கோடாலியால் பிளந்தார். கையில் கொப்புளம். பழைய சாம்பலை வாரினார். புகைபோக்கியில் குச்சியை விட்டுக் குடைந்தார், ஒரு கூடை கரி தலைமேல் கொட்டியது. பரவாயில்லை என்றார்.

தயாரிப்பில் அவரை ஜெயிக்க ஆள் கிடையாது. மேடைக்கும் அப்படித்தான் தயாராவார்.

ஐந்தாம் நாள் அடுப்பை மூட்டினார். தென்னம்பன்னாடை, சுள்ளி, அதன்மேல் காய்ந்த விறகு இரண்டு. பிடித்தது. ஆனால் மெதுவாகப் பிடித்தது. அந்த மெதுவைத்தான் மனுஷனால் தாங்க முடியவில்லை.

ஊதுகுழலை எடுத்தார்.

முப்பது வருஷம் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கவைத்த நுரையீரல் அது. ஒரே ஊது. சாம்பல் எழும்பிக் கஞ்சிப் பானைக்குள் போனது. சுள்ளி பறந்தது. இடது புருவம் பொசுங்கியது. அதன்பிறகு வந்தது புகை.

மாராயி அம்மா வந்து ஊதுகுழலை அவர் கையிலிருந்து வாங்கினாள். எதிரே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, குழலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஊதாமல் எப்படித் தாயே எரியும்?"

அவள் விறகு இரண்டையும் கொஞ்சம் விலக்கி வைத்தாள். நடுவில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி.

"இல்லை, நான் கேட்பது என்னவென்றால்..."

அவள் குழலைத் தூக்கினாள். அவர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் போனது.

"ஒரே ஒரு சந்தேகம்..."

மறுபடி குழல்.

வாயை மூடிக்கொண்டார். உட்கார்ந்திருந்தார். பிள்ளைப் பருவத்துக்குப் பிறகு அவர் அவ்வளவு நேரம் சும்மா இருந்தது அன்றுதான். நெற்றியில் வியர்த்தது. அவருக்குள்ளே எத்தனையோ வாக்கியங்கள் வந்து வந்து திரும்பிப் போயின.

இடைவெளியில் ஒரு சின்னத் தீ எழுந்தது. தானாக நிமிர்ந்தது. பானையின் அடியைத் தொட்டது. புகைபோக்கி வழியே சூடு மட்டும் போனது. சமையல்கட்டில் அந்தப் பக்கத்துச் சுவர் எப்படி இருக்கும் என்பதை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"ஆகா! தாயே! வென்றுவிட்டோம்!"

கூவிய சந்தோஷத்தில் மூன்றாவது விறகை எடுத்து அந்த இடைவெளியில் சொருகினார்.

குப்பென்று புகைந்தது.

மாராயி அம்மா எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா எரியறப்ப எதுக்குங்கய்யா இன்னொண்ணு?"

நல்லாப் போகும்போது இன்னும் கொஞ்சம் என்பதுதான் அவர் வாழ்நாள் பழக்கம்.

புதன்கிழமை கண்ணுச்சாமி பாறைமேலிருந்து இறங்கி வந்தார். மலையில் அந்தப் பாறைமேல் ஏறினால்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும்.

"அய்யா, உங்க வீட்டம்மா பேசுனாங்க."

திருவேங்கடம் கையிலிருந்த விறகைக் கீழே போட்டார். "வடிவா? என்ன சொன்னாள்?"

"வெள்ளிக்கிழமை காலை பஸ்ல வர்றாங்களாம். உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணுமாம். முழுசாச் சொல்ல விட்டா, கூட இருக்கறதைப் பத்தி யோசிப்பாங்களாம். குறுக்கே ஒரு வார்த்தை பேசுனா அதே பஸ்ல திரும்பிப் போயிருவாங்களாம். இனிமே வரமாட்டாங்களாம்."

திருவேங்கடம் நேராக மாராயி அம்மாவிடம் ஓடினார்.

"தாயே! நாளை ஒருநாள்தான் இருக்கிறது! உபதேசத்தை இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்! அவள் போய்விட்டால் நான் செத்தேன்!"

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமையும் சமையல் உங்களுதுதாங்க" என்றாள்.

"என் வாழ்க்கையே போகிறது, நீங்கள் சமையலைச் சொல்கிறீர்கள்!"

"அரிசியை முன்னாடியே ஊறப் போட்டிருங்க. சீக்கிரம் வேகும்."

அவருக்கு ஆத்திரமே வந்துவிட்டது. இவளும் ஒரு குருவா என்று மனசுக்குள் திட்டினார். கண்ணுச்சாமியிடம் வாய்விட்டே திட்டினார். வேறு போக்கிடம் இல்லாததால் அரிசியை ஊறப் போட்டார்.

வெள்ளிக்கிழமை.

வடிவாம்பாள் மலையேறி வந்தாள். மூச்சு வாங்கியது. சமையல்கட்டு வாசலில் நின்றாள்.

கணவர் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். ஒரு புருவம் இல்லை. அவளைப் பார்த்ததும் அவர் வாய் தானாகத் திறந்தது.

அடுப்பு அப்போதுதான் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு விறகு, நடுவே சின்னதாக ஒரு தீ. இப்போது கண்ணை எடுத்தால் போய்விடும். அவர் வாயை மூடிக்கொண்டு பலகையை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் உட்கார்ந்தாள்.

"எங்கம்மா செத்த அன்னிக்கு" என்றாள்.

நிறுத்தினாள். இந்த இடத்தில் அவர் எப்போதும் வருவார். அவர் வருவதற்காக அவள் காத்திருந்தாள்.

அவர் ஒரு விறகின் நுனியைக் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.

"...மைக் செட்டுக்காரன்கிட்ட மைக்கை வாங்கி முக்கால் மணி நேரம் தாய்மையைப் பத்திப் பேசுனீங்க. ஊரே அழுதுச்சு. பெத்த பொண்ணு நான், எனக்கு அழ இடமில்லாமப் போச்சுங்க."

மன்னிப்பு என்ற சொல் அவர் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதோடு ஒரு மேற்கோளும் வந்து நின்றது. அவர் கை மூன்றாவது விறகுமேல் இருந்தது. எடுக்கவில்லை.

தீ நன்றாக எரிந்தது.

"அதுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியில அம்மா கட்டில் பக்கத்துல உட்கார்ந்து நீங்க பேசிட்டே இருந்தீங்க. அப்புறம் டீ குடிக்கப் போனீங்க. அப்ப அம்மா கண்ணைத் திறந்தா. 'மாப்பிள்ளை நிறுத்திட்டாராடி?'ன்னு கேட்டா."

வெளியே கண்ணுச்சாமி கூரையை அண்ணாந்து பார்த்தார். புகைபோக்கியில் ஒன்றுமே வரவில்லை. "ஏனுங்கய்யா, இன்னிக்குச் சமையல் இல்லீங்களா?" என்று குரல் கொடுத்தார்.

"'ஆமாம்மா, நிறுத்திட்டாரு'ன்னு அம்மாகிட்டச் சொன்னேன்." வடிவாம்பாள் தீயைப் பார்த்துச் சொன்னாள். "'பாவம்டி, தொண்டை காஞ்சிருக்கும், தண்ணி குடு'ன்னா. அதுதாங்க அவ கடைசியாப் பேசுனது. எனக்குன்னு ஒரு வார்த்தை இல்ல. உங்களுக்குத் தண்ணி. அதை உங்ககிட்டச் சொல்லணும்னு ஒரு வருஷமா நான்..."

அதற்குமேல் முடியாமல் அழுதாள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. மறுபடி அழுதாள்.

திருவேங்கடத்தின் கண்ணிலிருந்தும் நீர் கொட்டியது. மலைக்கு வந்து இத்தனை நாளில் புகை இல்லாமல் அவர் அழுதது இதுதான் முதல்முறை. பேசவில்லை.

சோறு கொதித்து மூடியைத் தள்ளியது. விறகை வெளியே இழுத்தார். தணல் போதும், மீதி அதிலேயே வெந்துவிடும்.

வடிவாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கீழே வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் இருக்கு" என்றாள்.

அவர் தலையாட்டினார்.

"நம்ம கல்யாணத்தன்னிக்கு..." என்று அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அப்போது மாராயி அம்மா வாசலுக்கு வந்தாள். அடுப்பைப் பார்த்தாள். பானையின் விளிம்பைத் துணியால் துடைத்தாள், துணியில் கரி ஒட்டவில்லை. அவள் முகம் மலர்ந்தது.

"அய்யா, புகையாமச் சோறாக்கிட்டீங்க. வாங்க, உபதேசம் சொல்றேன்."

திருவேங்கடம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் உயர்த்தினார்.

"செத்த நேரம் இருங்க தாயே. அவ இன்னும் முடிக்கல."